புதுப் பேட்டரியை நம்பி மூன்று மா நிலத்தை விற்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருபத்தாறு வருடமாகச் சைக்கிள், டூவீலர் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். வெளிமாநில எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஸ்டார்ட்அப் ஒன்று எங்கள் தாலுகாவுக்கு டீலர்ஷிப் தருகிறோம் என்கிறது. தொடங்கி மூன்று வருடம் ஆன நிறுவனம். டெபாசிட் 8 லட்சம், முதல் சரக்குக்கு 12 லட்சம். 3 யூனிட் கிராஃபீன் பேட்டரி, 5 நிமிடத்தில் சார்ஜ், 300 கிலோமீட்டர் ஓட்டம், 15 வருட ஆயுள் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். வண்டி ஆறு மாதத்தில் வருமாம். இருக்கிற ஆறு மாவில் (சுமார் இரண்டு ஏக்கர்) மூன்று மாவை விற்றுப் போடலாம் என்கிறான் மகன். எனக்கு ஒரே சந்தேகம்தான். பத்து வருடமாகப் பேப்பரில் 'பேட்டரியில் புதிய கண்டுபிடிப்பு' என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். அதெல்லாம் எங்கே போயிற்று? பி.கு: கடை இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள மன்னார்குடி வாசகருக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் ஆற அமரப் பேசலாம். நிலத்தை விற்காதீர்கள். அடகு வைத்தும் போடாதீர்கள்.

நான் 27 வருடம் பேட்டரித் தொழிற்சாலைகளில் இருந்தவன். பாதிக் காலம் ஈய பேட்டரி, அதாவது உங்கள் கடை இன்வெர்ட்டரில் இருக்கும் ஜாதி. மீதிக் காலம் லித்தியம். இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்து சிறு தொழில்காரர்களுக்கு யோசனை சொல்கிறேன். உங்களைப் போன்ற கடிதம் எனக்கு இது முதல் முறை இல்லை. நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அது தேவையும் இல்லை. நோட்டீசில் இருக்கும் எண்களே போதும்.

300 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் உட்கார்ந்து 40, 45 வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி தின்னும். 3 யூனிட் என்றால் 3,000 வாட்-மணி. வகுத்துப் பாருங்கள், 100லிருந்து 120 கிலோமீட்டர் வரும். 300 வர வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணிதான் செலவாக வேண்டும். அது கூடவே மிதித்துக்கொண்டு போகும் எலக்ட்ரிக் சைக்கிளின் கணக்கு. பேட்டரிக்குள் கிராஃபீன் இருந்தாலும் சரி, தங்க பஸ்பம் இருந்தாலும் சரி, 3 யூனிட் என்பது 3 யூனிட்தான். காற்றும் ரோடும் டயரும் கேட்கிற சக்தியைப் பேட்டரியால் குறைக்க முடியாது.

அடுத்தது 5 நிமிடச் சார்ஜ். 3 யூனிட்டை 5 நிமிடத்தில் ஏற்ற, வழியில் வீணாவதை விட்டுவிட்டாலும், 36 கிலோவாட் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வயலில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் கிட்டத்தட்ட 3.7 கிலோவாட். ஆக ஒரு ஸ்கூட்டருக்குப் பத்து பம்புசெட் ஒரே நேரத்தில் ஓடுகிற அளவு கரண்ட். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் 63 கேவிஏ என்றால் அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வண்டிக்கே போய்விடும். பேட்டரி தாங்குமா என்ற கேள்வி அப்புறம், முதலில் கம்பி தாங்க வேண்டும். உங்கள் மகன் எலக்ட்ரிக்கல் படித்தவர் என்கிறீர்கள். இந்தக் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் பென்சில் சொல்வது அவருக்கு உறைக்கும்.

கிராஃபீன் பற்றி ஒரு வார்த்தை. அது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் ஏடு. சந்தையில் அந்தப் பெயரோடு வருபவை பெரும்பாலும் சாதாரண லித்தியம் அல்லது ஈய பேட்டரிகள்தான். உள்ளே கொஞ்சம் கிராஃபீன் கலந்திருப்பார்கள். பெருங்காயம் போட்ட சாம்பாரைப் 'பெருங்காயம்' என்று விற்கிற கதை.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பத்து வருடமாகப் படித்த கண்டுபிடிப்புகள் எங்கே போயின? அவை பெரும்பாலும் பொய் இல்லை. ஆய்வகத்தில் அது நடந்திருக்கும். எங்கே, எந்த அளவில் நடந்தது என்பதைத்தான் பேப்பரில் போடுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சில நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிலையம் அது, 1953லிருந்து நடக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி என்றதும் பெரிய பெரிய பெட்டிகளைக் கற்பனை செய்துகொண்டு போனேன். மேஜைமேல் இருந்தது கைக்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு பொத்தான். 20 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன். உலகத்தில் வெளியாகும் பேட்டரிக் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி அந்தப் பொத்தானில்தான் பிறக்கிறது. 25 டிகிரி குளிரூட்டிய அறை, தாராளமாக ஊற்றிய மின்பகு திரவம், மெதுவான சார்ஜ். அந்தப் பொத்தான் அற்புதமாக வேலை செய்தால் அது உண்மையான சாதனைதான். ஆனால் அது ஒரு பொத்தான்.

அதுவுமல்லாமல், பேட்டரியிடம் நாம் கேட்பது ஒன்றல்ல. எடை குறைய வேண்டும், சீக்கிரம் ஏற வேண்டும், ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் தளரக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது, கத்திரி வெயில் தாங்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இந்த ஆறில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று வழுக்கும். செய்தியில் வருவது இழுத்த கயிறு மட்டும். சிலிக்கானைப் பேட்டரியின் மைனஸ் முனையில் போட்டால், வழக்கமாக அங்கே இருக்கும் கிராஃபைட்டைவிடப் பல மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் சார்ஜ் ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல் உப்பும். உப்பி உப்பிச் சுருங்கினால் விண்டுபோகும். கந்தகம் மலிவு, எடையும் குறைவு, ஆனால் திரவத்தில் கரைந்து இடம் மாறிவிடும். அதையே நம்பியிருந்த ஆக்ஸிஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2021ல் திவாலானது. அலுமினியமும் காற்றும் சேர்ந்த பேட்டரி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். ஓடும்தான், ஆனால் அதைச் செருகி சார்ஜ் செய்ய முடியாது. கரைந்துபோன அலுமினியத் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும்.

பழைய கதை ஒன்று உண்டு, இளைஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது. கனடாவில் மோலி எனர்ஜி என்ற நிறுவனம் 1980களின் கடைசியில் சுத்த லித்தியம் உலோகத்தையே வைத்து, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய செல்லைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆய்வகம், தொழிற்சாலை எல்லாம் தாண்டியாகிவிட்டது. ஜப்பானில் கைபேசிகளில் அது போனது. சார்ஜ் செய்யச் செய்ய லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகும். 1989ல் போன் தீப்பிடித்தது, செல்களைத் திரும்பப் பெற்றார்கள், நிறுவனம் கைமாறியது. இரண்டே வருடத்தில், 1991ல், சோனி வேறு வழியில் வந்தது. உலோகத்தை விட்டுவிட்டு, லித்தியத்தைக் கார்பனுக்குள் ஒளித்துவைத்தது. உலோகத்தைவிடக் கார்பனில் சேரும் சக்தி குறைவு, ஆனால் வீட்டுக்குள் வைக்கலாம். இன்று உங்கள் சட்டைப்பையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். அதற்கான நோபல் பரிசு 2019ல்தான் வந்தது. பரிசு பெற்ற மூவரில் குட்இனஃப் தன் பங்கைச் செய்தது 1980ல்.

மோலி விட்ட இடத்தைத்தான் இன்று 'சாலிட் ஸ்டேட்' என்ற பெயரில் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்கள். திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருள் வைத்து ஊசிகளைத் தடுக்கும் முயற்சி. டொயோட்டா போன்ற கம்பெனியே 2020களின் தொடக்கம் என்று ஆரம்பித்து இப்போது 2027, 2028 என்கிறது. டொயோட்டாவிடம் பணம் இல்லையா, ஆள் இல்லையா?

இனி நான் வாழ்ந்த பகுதிக்கு வருகிறேன். தொழிற்சாலை.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்தபதி மெழுகில் உருவம் செய்வார், மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார், சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுவார், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார், ஆறியதும் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். விரல் நுனியில் ஒரு குறை வந்தால் உளியால் சரிசெய்துகொள்வார். ஆய்வகத்து விஞ்ஞானியும் அப்படித்தான் வேலை செய்கிறார். இப்போது அந்த ஸ்தபதியிடம் போய், "இதே நடராஜர் எனக்கு தினம் ஒரு லட்சம் வேண்டும், எடையில் குந்துமணி கூடக்கூடாது, குறையக்கூடாது, உளி வைக்கவும் கூடாது" என்றால் என்ன செய்வார்? செல் தொழிற்சாலை என்பது அதுதான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள செம்புத் தகட்டில், கிலோமீட்டர் கணக்கில், மாவு பூசுகிற மாதிரிப் பூச வேண்டும். தோசையில் ஓரம் மெலிந்தால் மொறுமொறுப்பு என்று சாப்பிட்டுவிடலாம். இங்கே ஓரம் மெலிந்த இடத்தில்தான் லித்தியம் ஊசி கிளம்பும். பூசிய அறையின் காற்றில் ஈரம் இருக்கக்கூடாது. மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர வைத்தாலும் ஒரு துளி பனிக்காத அளவுக்கு வறண்ட காற்று வேண்டும். ஐப்பசியில் நம் வீட்டில் வடாம் காயவைக்க முடிகிறதா? அந்தக் காற்றை இரவும் பகலும் உலர்த்திக்கொண்டே இருக்கிற கரண்ட் செலவே கண்ணைக் கட்டும்.

ஒரு கணக்கு. உங்கள் 3 யூனிட் ஸ்கூட்டரில் சாதாரண சிறு உருளைச் செல்கள் ஏறத்தாழ 330 இருக்கும். தொழிற்சாலை மிக நன்றாக நடந்து, பத்தாயிரத்துக்கு ஒரு செல்தான் பழுது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் ஸ்கூட்டருக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் செல், அதில் 33 பழுது, ஆக 33 வண்டி உங்கள் வாசலில். ஒரு தாலுகாவில் 33 பேர் கடை முன்னால் வந்து நின்றால், அதில் ஒரு வண்டி புகைந்தது என்று செய்தி பரவினால், மீதி 967 நல்ல வண்டியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

எனக்கே நடந்தது இது. செல்களை வாங்கி, பலவற்றைச் சேர்த்துப் பேட்டரிப் பேக்காகக் கட்டும் ஒரு ஆலையில் தரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதிரிக்கு 50 பேக் செய்தோம், ஒன்றில்கூடக் குறை இல்லை. முதலாளி இனிப்பு கொடுத்தார். அடுத்து 2,000 பேக் போயிற்று. மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தது. செல்லைச் சந்தேகப்பட்டோம், எலக்ட்ரானிக்ஸைச் சந்தேகப்பட்டோம், வெயிலைத் திட்டினோம். இருபது நாள் கழித்துக் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? செல்மேல் நிக்கல் பட்டையை ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங் முனை தேய்ந்திருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை அதைச் சீவ வேண்டும். பகல் ஷிப்ட் சீவியது, இரவு ஷிப்டுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாதிரி 50ஐயும் பகலில், நானே பக்கத்தில் நின்று செய்தோம். பேட்டரி வேதியியலில் அங்கே ஒரு தப்பும் இல்லை. அந்த நிறுவனம் திரும்ப எழவே இல்லை.

இது சின்ன ஆலை. பெரிய இடத்திலும் இதே கதைதான். டெஸ்லாவிலிருந்து வெளியே வந்தவர்கள் 2016ல் சுவீடனில் நார்த்வோல்ட் என்று தொடங்கினார்கள். ஐரோப்பாவின் சொந்த பேட்டரி என்று அரசுகளும் வங்கிகளும் கொண்டாடின. திரட்டிய பணம் ஏறத்தாழ 1,500 கோடி டாலர். வாங்குவதற்கு ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ போன்றவர்கள் வரிசையில் நின்றார்கள். செய்த வேதியியல் ஒன்றும் அதிசயம் இல்லை, ஆசியாவில் எல்லோரும் செய்வதுதான். அதைத் தரமாக, சொன்ன தேதிக்குள், போதிய எண்ணிக்கையில் செய்ய முடியவில்லை. 2024ல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் திவால். 1,500 கோடி டாலருக்கே இந்தக் கதி என்றால் உங்கள் டெபாசிட்டோடு சேர்த்துத் திரட்டும் பணத்தில் ஒருவர் புது வேதியியலையே தொழிற்சாலைக்குக் கொண்டுவருகிறேன் என்கிறாரே, அதை என்னவென்பது.

இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. புதிய பேட்டரி ஆய்வகத்திலிருந்து கடைக்கு வரப் பத்து வருடம் எடுக்கும்போது பழையது சும்மா நிற்பதில்லை. 2010ல் ஒரு யூனிட் லித்தியம் பேக் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024ல் உலகச் சராசரி 115 டாலர். வருடா வருடம் கொஞ்சம் மெலிதான தகடு, கொஞ்சம் குறைந்த கழிவு, கொஞ்சம் பெரிய ஆலை என்று சத்தமில்லாமல் இறங்கி வந்த விலை இது, எந்தப் பேப்பரிலும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்துப் பேட்டரி செய்பவர்களைப் பாருங்கள். 2022 கடைசியில் லித்தியம் விலை உச்சத்தில் இருந்தபோது அவர்கள் கணக்கு அழகாக வந்தது. சீனச் சந்தையில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட் 2024 தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது. சோடியத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் யாரை மலிவில் வெல்லலாம் என்று புறப்பட்டார்களோ அவன் அவர்களைவிட மலிவாகிவிட்டான். கடைசியில் ஜெயித்தது எது? லித்தியம் பேட்டரியிலேயே ஒரு வகையான இரும்பு பாஸ்பேட். 1997ல் அதே குட்இனஃப் குழு சொன்னது. எடை அதிகம், காருக்கு ஆகாது என்று வெகுகாலம் ஓரம் கட்டினார்கள். இன்று சீனாவில் காருக்குப் போகும் பேட்டரியில் பாதிக்கு மேல் அதுதான். நீங்கள் 'எங்கே போயிற்று' என்று கேட்டதில் ஒன்று இதோ, உங்கள் ஊர் ஈ-ஆட்டோவுக்குள்ளேயே இருக்கலாம்.

பேட்டரியை விட்டு வண்டிக்கு வந்தாலும் நிலைமை அதேதான். வாக்யூம் கிளீனர் செய்து கோடீஸ்வரரான ஜேம்ஸ் டைசன் சொந்தப் பணம் 50 கோடி பவுண்டைப் போட்டு எலக்ட்ரிக் கார் செய்தார். கார் ஓடியது. ஆனால் என்ன விலைக்கு விற்றாலும் கட்டாது என்று 2019ல் கடையை மூடினார். நஷ்டத்தோடு நிறுத்தத் தெரிந்தவர், அவரை நான் மதிக்கிறேன். பெட்டர் பிளேஸ் என்ற இஸ்ரேல் நிறுவனம் காலி பேட்டரியைச் சில நிமிடத்தில் கழற்றி நிறைந்ததை மாட்டும் நிலையங்களைக் கட்டியது. நிலையங்கள் வேலை செய்தன, வாங்கத்தான் ஆள் இல்லை. ஏறத்தாழ 85 கோடி டாலரோடு 2013ல் முடிந்தது. அமெரிக்காவில் நிகோலா என்ற லாரிக் கம்பெனி தன் வண்டி ரோட்டில் ஓடுவதாக 2018ல் வீடியோ போட்டது. இறக்கத்தில் உருட்டிவிட்டு எடுத்த படம் அது! நிறுவனர் 2022ல் மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2025ல் கம்பெனி திவால், அடுத்த மாதமே அவருக்கு அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. எல்லோரும் கும்பிடும் டெஸ்லாவே மாடல் 3 காரை எண்ணிக்கையில் கொண்டுவர முடியாமல் 2018ல் தொழிற்சாலை வளாகத்தில் கூடாரம் போட்டு உற்பத்தி செய்தது. திவாலாக ஒரு மாதம்தான் இருந்தது என்று எலான் மஸ்க்கே பின்னால் ஒப்புக்கொண்டார்.

இந்த நிறுவனங்களின் பணத்தை நான் மேட்டூர்த் தண்ணீர் மாதிரித்தான் பார்ப்பேன். 2023 குறுவை நினைவிருக்கிறதா? ஜூன் 12ல் திறந்தார்கள், நம்பி விதைத்தோம், அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். விதையில் தப்பில்லை, உழவில் தப்பில்லை. கதிர் முற்ற வேண்டிய நேரத்துக்குத் தண்ணீர் இல்லை. ஸ்டார்ட்அப்புக்கு நாற்றங்கால் வரை பணம் கிடைத்துவிடும், ஏனென்றால் நாற்று பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். நிஜமாகவே பணம் குடிக்கிற கட்டம் தொழிற்சாலை. அங்கே முதலீட்டாளர் கையை விரித்துவிடுவார்.

நம் நாட்டில் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அரசு மானியம். 3 யூனிட் ஸ்கூட்டருக்கு 2023 மே வரை யூனிட்டுக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய் வரை வந்தது. ஜூனில் யூனிட்டுக்கு 10,000 ஆக்கி, ஆலை விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றார்கள். 2024 ஏப்ரலில் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரலில் 5,000. இரண்டே வருடத்தில் 45 ஐந்தாகிவிட்டது. இடையில், உள்நாட்டு உதிரிபாக விதியை மீறினீர்கள் என்று சொல்லி, கொடுத்த மானியத்தையே சில முன்னணி நிறுவனங்களிடம் திருப்பிக் கேட்டார்கள். 45,000த்தை நம்பி விலை போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை, மூடிக் கிடக்கும் ஷோரூம்களின் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்படி மூடும்போது நடுவில் மாட்டுபவர் டீலர். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஊரில் யாரும் வெளிமாநிலத்து நிறுவனத்திடம் வண்டி வாங்குவதில்லை. உங்களிடம் வாங்குகிறார்கள். இருபத்தாறு வருடமாகப் பஞ்சர் பார்த்த கடைக்காரரிடம் வாங்குகிறார்கள். பேட்டரி படுத்தால் உங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். 15 வருட ஆயுள் என்று சொல்கிறவருக்கே மூன்று வயது. எந்த 15 வருடத்தில் சோதித்தார்? ஆய்வகத்தில் வேகவேகமாக ஏற்றி இறக்கிச் சில மாதத்தில் ஆயுளைக் கணிப்பார்கள். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்பதும், கார்த்திகை மழையில் முட்டளவுத் தண்ணீரில் போவதும் அதில் வராது. ஈய பேட்டரியில் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலின் பழைய வாய்ப்பாடு. லித்தியமும் சூட்டுக்குப் பயப்படுகிற சாதிதான்.

அந்தப் பிரதிநிதி திரும்ப வந்தால் விரட்ட வேண்டாம், உட்கார வைத்து மோர் கொடுத்துக் கேளுங்கள். வண்டிக்கு ஏஆர்ஏஐ அல்லது ஐகேட் என்ற வாகனச் சோதனை நிலையங்களின் சான்று இருக்கிறதா, பேட்டரிக்கு 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு கடுமையாக்கிய ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரச் சான்று இருக்கிறதா? நகல் கொடுக்கச் சொல்லுங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது பதில் ஆகாது. செல் யார் செய்தது? நாங்களே என்றால் ஆலை எங்கே, வந்து பார்க்கலாமா? 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 250 வாட்டுக்குள் இருக்கும் வண்டிக்குப் பதிவு வேண்டாம் என்ற சலுகையைக் காட்டி விற்கும் ரகமா இது? பதிவாகும் வண்டி என்றால் அரசின் வாகன் இணையதளத்தில் எந்த நிறுவனத்துக்கு மாதம் எத்தனை பதிவு என்பது எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருக்கிறது, மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் வருடாந்திரக் கணக்கையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மன்னார்குடியிலேயே ஒரு ஆடிட்டரிடம் கொடுத்து, கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டே இரண்டு இடத்தை உற்றுப் பாருங்கள். டெபாசிட் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்ப வரும் என்பது ஒன்று. உத்தரவாதத்தில் மாற்றிக்கொடுக்கும் பேட்டரியின் செலவை முதலில் யார் சுமப்பது என்பது இன்னொன்று. 'டீலர் மாற்றிக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் கோர வேண்டும்' என்று இருந்தால் நிறுவனம் மூடும் அன்று நீங்கள்தான் நிறுவனம்.

மகன் விஷயம். அவருடைய ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எலக்ட்ரிக் வண்டி வரப்போகிறது என்று அவர் நினைப்பது சரியே. நம் தெருக்களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் பணம் பார்க்க டீலர்ஷிப் ஒன்றுதான் வழி என்று நினைக்கிறாரே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. உங்களிடம் ரோட்டோரக் கடை இருக்கிறது, பழகிய வாடிக்கையாளர் இருக்கிறார்கள், எலக்ட்ரிக்கல் படித்த பிள்ளை இருக்கிறார். ஏற்கெனவே ஊரில் ஓடுகிற நாலைந்து பிராண்டு ஸ்கூட்டருக்கும் ஈ-ஆட்டோவுக்கும் பழுது பார்க்க ஆள் இல்லாமல் தஞ்சாவூருக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். பிரேக், டயர், சார்ஜர், கனெக்டர் உருகுவது, ஒயரை எலி கடிப்பது, கன்ட்ரோலர் போவது, இதிலேயே வேலை குவியும். நல்ல நிறுவனம் ஒன்றில் மூன்று, நாலு மாதம் சர்வீஸ் பயிற்சிக்கு அனுப்புங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கருவிகளுக்கு ஒரு லட்சத்துக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. ஒரே ஒரு நிபந்தனை: பேட்டரிப் பேக்கை மட்டும் அவர் பயிற்சி இல்லாமல் பிரிக்கவே கூடாது, உத்தரவாதம் போவது இருக்கட்டும், கை போகும். இரண்டு வருடம் கழித்து எந்தப் பிராண்டு வண்டி குறைவாகப் பழுதாகி வருகிறது என்பது அவருக்கே அத்துப்படி ஆகிவிடும். டீலர்ஷிப் எடுக்க வேண்டுமானால் அப்போது எடுக்கட்டும். பேச்சுவார்த்தையில் அவர் கை ஓங்கியிருக்கும்.

பின்குறிப்புக்குப் பதில். கடை இன்வெர்ட்டருக்கு லித்தியம் வாங்கலாம், இரும்பு பாஸ்பேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டாதீர்கள். ஈய பேட்டரிக்கென்று அமைத்த சார்ஜிங் லித்தியத்துக்குப் பொருந்தாது. இன்வெர்ட்டரில் லித்தியம் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். கடைக்கு இரண்டு டியூப்லைட்டும் ஒரு ஃபேனும்தான், கரண்டும் எப்போதாவதுதான் போகிறது என்றால் டியூபுலர் வகை ஈய பேட்டரியே போதும், மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்றுங்கள். பழசை மாற்றும்போது பேரீச்சம்பழக்காரரிடம் போடாமல் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு எடை பார்த்து விலையில் கழித்துக்கொள்வார்கள்.